நூற்றுக்கு மூன்று

புனே
18.11.2024

அன்பு அக்காவுக்கு,

அறிவுச்செல்வன் எழுதுவது. இங்கே நான் சுகம். குளிர்தான் காதைப் பிடித்துத் திருகுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்ததா? லைன்மேன் வேலையில் இன்னும் கம்பம் ஏறுகிறாரா, இல்லை சின்னப் பையன்களை ஏறச் சொல்லிவிட்டுக் கீழே நிற்கிறாரா?

போன் இருக்கும்போது இவன் எதற்குத் தபாலில் எழுதுகிறான் என்று நினைப்பாய். எல்லாம் என் வழிகாட்டி ஃபாதர் அருளப்பன் செய்த வேலை. ஆய்வின் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "யாருக்குப்பா இதை எழுதியிருக்க? எனக்கே புரியல. உன் வீட்டுல தத்துவம் படிக்காத ஒருத்தருக்கு இதைக் கடிதமா எழுது. அவங்களுக்குப் புரிஞ்சா இங்க எடுத்துக்கிட்டு வா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். என்னைப் படிக்க வைத்தவளே நீதான். இதையும் நீயே அனுபவி.

தலைப்பு இதுதான்: கிறிஸ்தவ வேதத்தில் உண்மை என்றால் என்ன? யோவான் எழுதிய சுவிசேஷத்தில் ஓர் இடம் வருகிறது. இயேசுவைப் பிடித்துக் கொண்டுபோய் ரோம ஆளுநர் பிலாத்துவின் முன் நிறுத்துகிறார்கள். உண்மைக்குச் சாட்சி சொல்லவே வந்தேன் என்கிறார் இயேசு. உண்மை என்றால் என்ன என்று பிலாத்து கேட்கிறார். கேட்டவர் பதிலுக்கு நிற்கவில்லை. எழுந்து வெளியே போய்விடுகிறார். அவர் விட்டுவிட்டுப் போன கேள்விக்குத்தான் நான் முந்நூறு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உனக்குப் புரிந்ததா? புரியாததை மட்டும் எழுது. பாராட்டு வேண்டாம். (கொஞ்சம் இருந்தால் தப்பில்லை.)

உன் தம்பி,
அறிவு


வரிச்சிக்குடி
2.12.2024

என் தம்பி அறிவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் நலம். உன் அத்தான் கம்பம் ஏறுவதை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஆனால் ஏறுகிறவனுக்குக் கீழே நின்று சொல்லும் யோசனைக்குக் குறைவில்லை. குளிருக்குக் காதை மூடிக்கொள். மப்ளர் கட்டினால் படித்தவன் மரியாதை ஒன்றும் போய்விடாது.

கடிதம் நன்றாகப் புரிந்தது. கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போகிற அதிகாரியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கு முந்நூறு பக்கம் எழுத ஒரு தம்பி கிடைத்திருக்கிறான் என்பதுதான் புதிது.

ஊரில் இன்னும், "அறிவு வேதத்துல சேந்துட்டானாமே?" என்று கேட்கிறார்கள். "அவன் சேரல. அந்த வேதத்தை ஆராய்ச்சி பண்றான், ஃபாதருங்களே அவன்கிட்ட சந்தேகம் கேக்குறாங்க" என்று சொல்லி வைத்திருக்கிறேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். தம்பியைப் பற்றிப் பேசும்போது அளந்து பேச எனக்கு வராது.

மழை விட்டு மூன்று நாள் ஆகிறது. விதை வயலில் கலவன் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். நம் பொன்மணி நெல்லோடு சேராத வேற்றுப் பயிர் ஒன்று நின்றாலும் வேரோடு எடுத்துவிட வேண்டும். ஆளை விட்டுச் செய்யலாம். ஆனால் என் கண் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். விதை வயலில் நான் அறுப்பு இயந்திரத்தை இறக்காததும் இதனால்தான். முன்னால் அறுத்த வயலின் நெல் அதன் வயிற்றுக்குள் தங்கி நம் நெல்லோடு கலந்துவிடும். கையறுப்புத்தான். இருபது வருடமாக ‘அமுதம் நெல்’ என்று நாற்பத்திரண்டு குடும்பம் வாங்கிப் போகிறது. நீ பட்டம் வாங்கு. நான் பட்டம் வாங்காமலே பெயர் வாங்கிவிட்டேன்.

சந்தேகம் ஒன்று. உண்மையைச் சொல்லலாம், சரி. இயேசு தானே உண்மை என்று சொன்னதாக நம் பள்ளிக்கூடத்து சிஸ்டர் சொல்வார். ஒரு மனுஷர் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
அமுதம்


புனே
20.12.2024

அன்பு அக்கா,

இங்கே சுகம். மப்ளர் வாங்கிவிட்டேன். அங்கே எல்லோரும் சுகம்தானே?

உன் கேள்வியை ஃபாதரிடம் படித்துக் காட்டினேன். "இதைக் கேக்க எனக்கு பதினைஞ்சு வருஷம் ஆச்சு" என்றார். தலை நிமிர்ந்து வெளியே வந்தேன்.

பதில் இதுதான். தத்துவக்காரர்களுக்கு உண்மை என்பது ஒரு பொருத்தம். உள்ளதும் நாம் நினைப்பதும் ஒத்துப்போனால் உண்மை. கிரேக்க மொழியில் உண்மைக்கு உள்ள சொல்லுக்கு ‘மறைவில்லாதது’ என்று பொருள் சொல்கிறார்கள். ஆனால் இயேசு பிறந்த யூதர்களின் பழைய வேதம் வேறு மாதிரி நினைக்கிறது. அங்கே உண்மை என்றால் நம்பிச் சாய்ந்தால் சரியாதது. நல்ல தூணும் உண்மை, சொன்ன சொல்லில் நிற்கிற ஆளும் உண்மை. மாதா கோவிலில் ஆமென் என்கிறார்களே, அதுவும் இதே வேரிலிருந்து வந்ததுதான். அப்படிப் பார்த்தால் ஒரு மனிதர் உண்மையாக இருக்கலாம், இல்லையா?

இதை விளக்க மூன்றாம் அத்தியாயத்தில் உன்னை எழுதியிருக்கிறேன். கோபப்படாதே. ‘காரைக்கால் பகுதியில் ஒரு பெண் விதை நெல் வளர்க்கிறார். இருபது ஆண்டுகளில் அவர் விதையில் ஒரு கலவன்கூட வந்ததில்லை. வாங்குகிறவர்கள் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதில்லை. வேதம் சொல்லும் உண்மை இதுவே’ என்று எழுதியிருக்கிறேன். ஃபாதர் அந்தப் பத்தியின் ஓரத்தில் சிவப்பு மையில் ‘அருமை’ என்று எழுதினார். ஐந்து வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் ‘அருமை’. அதுவும் உன்னால்.

பொங்கலுக்கு வர முடியாது. அத்தானிடம் சொல்.

அறிவு


வரிச்சிக்குடி
9.2.2025

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அறுப்பு வேலை.

தை மாதத்தில் மேகம் திரண்டது. கையறுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை. பாதிப் பேர் கீழவாஞ்சூர்ப் பக்கம் துறைமுக வேலைக்குப் போய்விடுகிறார்கள். சாய்ந்த கதிர் நனைந்தால் வயலிலேயே முளைத்துவிடும். அதனால் சாதிக் பாட்சாவின் இயந்திரத்தை இறக்கித்தான் அறுத்தோம். மழைக்கு முன் நெல் வீடு வந்து சேர்ந்துவிட்டது.

இன்னொரு செய்தி. விதை உழவர் சங்கத்தில் இந்த வருடம் சிறந்த விதை உழவர் விருது எனக்காம். பெண்ணுக்குக் கொடுப்பது இதுதான் முதல் தடவை என்று செயலாளர் கலைவாணன் வீட்டுக்கே வந்து சொன்னார். ஆனி மாதம் விழா. அதன் பிறகுதான் விதை கொடுப்பது.

என்னை எழுதியதற்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பத்தி கட்டாயம் இருக்க வேண்டுமா?

மகளிர் குழுவில் ஒருத்தி கேட்கிறாள்: யாரும் கேட்காத ஒன்றைச் சொல்லாமல் இருந்தால் அது பொய்யா? உன் ஆராய்ச்சியில் இதற்கு இடம் இருந்தால் எழுது.

அமுதம்


புனே
24.2.2025

என் விருதுக்கார அக்காவுக்கு,

விடுதி முழுக்க இனிப்பு கொடுத்துவிட்டேன். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள். "எங்க அக்காவுக்கு விருது" என்றேன். அப்பா இருந்திருந்தால் ஊரையே கூட்டியிருப்பார்.

அந்தப் பத்தி கட்டாயம் இருக்கும். இப்போது விருதும் சேர்ந்துவிட்டது, விடுவேனா?

மகளிர் குழுத் தோழிக்குப் பதில்: இதைப் பற்றிக் கிறிஸ்தவ அறிஞர்கள் நூறு நூறு வருடமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். நெஞ்சில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் வேறொன்றைச் சொல்வதே பொய் என்றார் ஆப்பிரிக்காவில் இருந்த ஒரு பழைய ஆயர். அவருக்குப் பல நூற்றாண்டு கழித்து வந்த இத்தாலியத் துறவி ஒருவர், பொய் சொல்லத்தான் கூடாது, உண்மையை விவேகத்தோடு மறைத்து வைப்பதில் தப்பில்லை என்கிறார். ஆகவே கேட்காததைச் சொல்லாதது பொய் ஆகாது. நிம்மதியாகத் தூங்கச் சொல்.

நீ ஏன் இவ்வளவு சுருக்கமாக எழுதுகிறாய்? உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அறிவு


வரிச்சிக்குடி
3.5.2025

தம்பி அறிவுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனசைப் பற்றி நீ கேட்கவில்லை. அதனால் நானும் சொல்லவில்லை. உன் இத்தாலியத் துறவி இரண்டு மாதமாக எனக்கு வக்கீலாக இருந்தார். நல்ல வக்கீல்தான். ஆனால் தினம் முறத்தை எடுத்துவைத்துப் பார்க்கிறவள் நானல்லவா?

மகளிர் குழுவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டது நான்.

அன்றைக்கு சாதிக் பாட்சா கேட்டார். "வேற வயல்லேருந்து நேரா வர்றேன்க்கா. உங்களுது விதை வயலாச்சே. உள்ள சுத்தம் பண்ணிட்டு இறக்கவா? ஒரு மணி நேரம் ஆவும்" என்றார். வானத்தைப் பார்த்தேன். "வேணாம், இறக்குங்க" என்றேன். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. உள்ளே தங்கிய நெல் முதலில்தான் விழும், அந்த முதல் நான்கு மூட்டையை ஒதுக்கியிருந்தாலும் தப்பித்திருக்கலாம். டிராக்டர் பெட்டியில் மொத்தமாகக் கொட்டிக் கொண்டுவந்துவிட்டோம்.

நம் பொன்மணி குண்டு நெல். கலந்திருப்பது சன்னம், குறுகிய நாள் பயிர். எங்கே கைவிட்டு அள்ளி எண்ணினாலும் நூற்றுக்கு மூன்று. சலித்தாலும் புடைத்தாலும் போகவில்லை. கையால் பொறுக்க உட்கார்ந்தால் ஏழு ஜென்மம் போதாது. இதை விதைத்தால் ஒரே வயலில் ஒன்று முந்திப் பழுத்துக் கொட்டும், ஒன்று பச்சையாக நிற்கும். நாற்பத்திரண்டு குடும்பம் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கிப் போகும். நீயே எழுதியிருக்கிறாய்.

போனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை. உன் அத்தானுக்கு மட்டும் தெரியும். அவர், "உன் இஷ்டம்" என்கிறார். விழாவில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன். இருபது வருடப் பெயர். நீ என்ன சொல்கிறாய்?

அமுதம்


புனே
12.5.2025

அன்பு அக்கா,

கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன். முதலில் நீ அழாதே. யானைக்கும் அடி சறுக்கும்.

நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன். விழாவில் எதுவும் சொல்லாதே. கடையில் விற்கிற விதையில் இல்லாத கலப்பா? நூற்றுக்கு மூன்று யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? தெரிந்தாலும் தங்கள் நாற்றங்காலில் கலந்ததாக நினைத்துக்கொள்வார்கள். விருதை வாங்கிக்கொள். அடுத்த வருடம் கையறுப்பு செய். எல்லாம் சரியாகிவிடும். இது பொய் இல்லை, விவேகம்.

மூன்றாம் அத்தியாயத்தை வெளியூர்ப் பேராசிரியர்களுக்கு அனுப்பியாகிவிட்டது. ஒருவர் அந்தப் பத்தியை மேற்கோள் காட்டியே பாராட்டியிருக்கிறார். உன் பெயரும் என் பெயரும் இப்போது ஒரே கட்டாக இருக்கின்றன. அதை நினைத்துப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அறிவு


வரிச்சிக்குடி
20.5.2025

தம்பிக்கு,

நலம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறாய். அதற்கு விவேகம் என்று பெயரும் வைத்துவிட்டாய். உன்னைப் படிக்க வைத்தது இதற்குத்தானா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். கோபத்தில் நினைத்ததுதான். ஆனாலும் நினைத்தேன்.

பிலாத்து கேள்வியைக் கேட்டுவிட்டு எழுந்து போனார் என்று முந்நூறு பக்கம் எழுதுகிறாய். நான் உன்னிடம் ஒன்று கேட்டேன். நீயும்தான் எழுந்து போகிறாய்.

அக்கா


வரிச்சிக்குடி
8.7.2025

தம்பி அறிவுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து கடிதமும் இல்லை, போனும் இல்லை. சாப்பிடுகிறாயா? கோபம் இருந்தாலும் சாப்பிடு. நாங்கள் நலம்.

ஞாயிற்றுக்கிழமை தலத்தெருவில் ஒரு மண்டபத்தில் விழா நடந்தது. கலைவாணன் மைக்கைப் பிடித்து, "இருபது வருஷமா ஒரு கலவன்கூட இல்லாத விதை" என்று வாசித்தார். நான் எழுந்து மைக்கைக் கேட்டேன். நன்றி சொல்லப்போகிறேன் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார், பாவம்.

"இந்த வருஷம் என் விதையில நூத்துக்கு மூணு கலப்பு இருக்கு. மெஷினைச் சுத்தம் பண்ண வேணாம்னு சொன்னது நான்தான். வேற யாரும் இல்ல" என்றேன். உன் அத்தான் கீழே முறத்தோடு நின்றார். எண்ணி வைத்த நூறு நெல். வரிசை வரிசையாக முறம் கைமாறிப் போயிற்று. கலைவாணன் கையில் பாதி விரித்த சால்வை. போர்த்துவதா மடிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை.

சத்தம் கிளம்பியது. "அஞ்சு மாசமா தெரிஞ்சுக்கிட்டு இப்பத்தான் சொல்றியா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. "ஆமாங்க, பயம்" என்றேன். பதின்மூன்று பேர் வேண்டாம் என்று எழுந்து போனார்கள். அவர்கள் செய்ததும் சரிதான். மூட்டையெல்லாம் அரிசிக்கு அரைக்கப் போகட்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது, தலத்தெரு நஜீபா அம்மா எழுந்தார். அவருக்கு நம் பக்கத்தில் ஆறு ஏக்கர் உண்டு.

"நாத்து விடற நேரத்துல நாங்க வேற விதைக்கு எங்கம்மா போவோம்? இதையே விதைச்சா அந்தக் கலவனை யாரு புடுங்குறது?" என்று கேட்டார்.

"நான் புடுங்குறேங்க" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. "எந்தெந்த வயல்ல என் விதை விழுதோ, அந்த வயல்ல எல்லாம் நான் வந்து நடக்குறேன்."

இருபத்தொன்பது குடும்பம் வாங்கிக்கொண்டது. வாங்கிய ஒவ்வொருவருக்கும் சீட்டில் ‘கலப்பு நூற்றுக்கு மூன்று’ என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன். சால்வை மடித்தபடி பெட்டிக்குள் போயிற்று. இருந்தும் தம்பி, நான் அந்த மேடையிலிருந்து இறங்கியபோது என் தலை குனியவில்லை. உன் அத்தான் முறத்தை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் மாப்பிள்ளை மாதிரி நடந்தார்.

உன் புத்தகத்தில் உள்ளதை மாற்றிவிடு. அது இப்போது உண்மை இல்லை.

அமுதம்


புனே
19.7.2025

அன்பு அக்காவுக்கு,

எழுத வெட்கமாக இருக்கிறது. சாப்பிடுகிறேன், உயிரோடு இருக்கிறேன்.

மே மாதம் உன் கடிதம் வந்த அன்றே எனக்கு உறைத்துவிட்டது. ஆனால் ஒப்புக்கொள்ள இரண்டு மாதம் ஆயிற்று. உன் நல்லதுக்காகச் சொல்வதாக நினைத்துக்கொண்டேன். இல்லை. என் அத்தியாயத்தைக் காப்பாற்ற உன்னை வாயை மூடச் சொன்னேன். மன்னித்துவிடு அக்கா.

நம் கடிதங்கள் எல்லாவற்றையும் ஃபாதரிடம் கொடுத்தேன். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதுல யாருப்பா ஆராய்ச்சி பண்றது?" என்றார். பிறகு யோவானின் சுவிசேஷத்தைத் திறந்து ஓர் இடத்தைக் காட்டினார். உண்மையைச் செய்கிறவன் வெளிச்சத்துக்கு வருகிறான் என்ற பொருளில் அங்கே எழுதியிருக்கிறது. சொல்கிறவன் இல்லை, செய்கிறவன். ஐந்து வருடமாக அந்த வரியைப் படிக்கிறேன். அதற்கு அடிக்குறிப்பில் ஒன்றரை வரி ஒதுக்கியிருந்தேன்.

மூன்றாம் அத்தியாயத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பாராட்டிய பேராசிரியருக்கு நடந்ததை எழுதிவிட்டேன். ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் ஆறு மாதம் ஆகும். புதிதாக எழுதுகிறேன். உன் தப்பும் அதில் இருக்கும், நான் உன்னிடம் சொன்ன விவேகமும் இருக்கும்.

கார்த்திகையில் பத்து நாள் லீவு போட்டிருக்கிறேன். இருபத்தொன்பது வயலில் நீ ஒருத்தியா நடப்பாய்? பேனா பிடித்த கைக்குக் கலவன் பிடுங்கக் கற்றுக்கொடுத்தால் வரும்.

உன்னை நினைத்தால் எனக்கு இருக்கிற பெருமையை எழுதத் தெரியவில்லை. அத்தானுக்கு என் வணக்கம்.

அறிவு


வரிச்சிக்குடி
2.12.2025

என் அருமைத் தம்பிக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். காலில் சேற்றுப்புண் ஆறியதா? கொடுத்த மருந்தைப் போடு. நீ பிடுங்கியதில் பாதி நல்ல பயிர் என்று உன் அத்தான் ஊரெல்லாம் சொல்கிறார். பாதி இல்லை, கால்வாசிதான் என்று நான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

இருபத்தேழு வயல் முடிந்தது. சன்ன ரகம் முந்திக் கதிர்விட்டு நிற்கிறது. நம்முடையது இன்னும் தொண்டைக்கதிர்தான், கதிர் வெளியே வரவில்லை, அதனால் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. இடுப்புத்தான் கேட்கமாட்டேன் என்கிறது. அன்று எழுந்து போன பதின்மூன்று பேரில் இன்னும் மூன்று பேர் என்னோடு பேசுவதில்லை. எதிரில் வந்தால் நான்தான் முதலில் வணக்கம் வைக்கிறேன்.

ஒன்றை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ ரயில் ஏறிய மறுநாள் நஜீபா அம்மாவின் வயலில் குனிந்து நின்றிருந்தேன். அவர் வரப்பில் வந்தார். கூடவே அவர் அண்ணன் மகன் அப்ரார், பாரிஸிலிருந்து லீவில் வந்திருக்கிறவர். பயிருக்குள் நான் இருப்பது இருவருக்கும் தெரியாது.

"பயிரு நல்லாருக்கே மாமி. யாரு விதை?"

"அமுதம் வீட்டு நெல்லு. நூத்துக்கு மூணு கலப்பு."

"கலப்பா? தெரிஞ்சுமா வாங்குனீங்க?"

"ஊர்ல எல்லார் விதையிலயும்தான் கலப்பு இருக்கு. எத்தனைன்னு எவன் சொல்றான்? இதுல மூணு. எனக்குத் தெரியும்" என்றார் நஜீபா அம்மா. தன் வீட்டுப் பிள்ளை வாங்கிய மார்க்கைச் சொல்வது போல அந்த மூன்றைச் சொன்னார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் நிமிரவில்லை. அவர்கள் வரப்பைத் தாண்டிப் போகும்வரை அப்படியே குனிந்திருந்தேன். பிறகு அடுத்த கலவனைப் பிடித்து வேரோடு இழுத்தேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
அமுதம்